கடுவன்களின் எல்லைத் தகராறு

சாகாமம் பக்கம் இரண்டு கடுவன் வளர்க்கும் எந்த உம்மாவுக்கும் நித்திரை கிடையாது. சூடைமீன் தலை இருக்கும் வரை சமாதானம். தீர்ந்ததும் கூரை ஓடு பறக்கும். பூனையை வீட்டைச் சுற்றிவரும் பிராணி, அசுத்தமில்லை என்று ஹதீஸ் சொல்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் சுற்ற வந்தால்தான் சிக்கல்.

லண்டனிலும் இதே கதைதான். 2011 முதல் பிரதமர் இல்லத்தில் லாரி என்ற பூனை. 2016இல் எதிரே வெளியுறவு அமைச்சுக்குப் பாமர்ஸ்டன் வந்தது. ராஜதந்திரம் நடக்கும் கட்டடத்துப் பூனை அல்லவா, பேசித் தீர்க்கும் என்று எதிர்பார்த்தார்கள். அது நகத்தால் பேசியது. லாரி மிருக வைத்தியரிடம் போனது. 2020இல் பாமர்ஸ்டன் ஓய்வு பெற்றது.

பூனைக்கு எல்லை மணத்தில் இருக்கிறது. அதனால் புதுவரவைத் தனி அறையில் வைத்து, படுக்கும் துணிகளை மாற்றிப் போட்டு, மெல்லமெல்ல முகங்காட்ட வேண்டும். அவசரப்பட்டால் கெட்டது. 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்குத் தனி நகரசபை என்று வர்த்தமானி வந்து, அதே மாதமே இடைநிறுத்தப்பட்டதைப் பார்த்த ஊர்களுக்கு எல்லை விஷயம் விளக்கத் தேவையில்லை.

சண்டைக்கு நடுவே மட்டும் கையை நீட்டக் கூடாது. கொதித்த பூனைக்கு உம்மாவும் ஒன்றுதான், எதிரியும் ஒன்றுதான். கீறினால் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இரண்டு பூனைக்கு மலம் கழிக்க மூன்று மண் தட்டு வைக்கச் சொல்கிறார்கள் வைத்தியர்கள். மூன்றாவது யாருக்கு என்று வாப்பா கேட்கிறார்.