மரத்துக்குப் பலகை உண்டு

ஈப்போ சிலிபினிலிருந்து வடக்கே ஒரு மணி நேரத்துக்குள் கோலகங்சார். அங்கே ஒரு கிழட்டு ரப்பர் மரம் வேலிக்குள் நிற்கிறது. 1877இல் வந்த கன்றுகளில் மிஞ்சியது. விதை பிரேசிலில் கிளம்பி, லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, சிங்கப்பூர் வழியாக வந்த வம்சம். அதற்குப் பலகை உண்டு, வயது உண்டு, பக்கத்தில் நின்று படமெடுக்கச் சுற்றுலாக்காரர்கள் உண்டு. இத்தனை கடல் தாண்டி வந்த மரத்தை எந்த அரசியல்வாதியும் இன்றுவரை 'பெண்டத்தாங்', வந்தேறி என்று ஏசியதில்லை. அதன் பிள்ளை மரங்களை விடியுமுன் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளைத்தான் ஏசுகிறார்கள்.

பேராக்கின் வரலாறு எழுதப்படாமல் இல்லை. வின்ஸ்டட்டும் வில்கின்சனும் 1934இல் எழுதினார்கள். சுல்தான்கள் வருவார்கள், ரெசிடெண்டுகள் வருவார்கள். அதற்கு முன்பே ஈப்போவில் துரைமார் தங்கள் வரலாற்றைக் கட்டடமாகவே எழுப்பிவிட்டார்கள்: 1875இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட ரெசிடெண்ட் பர்ச்சுக்கு 1909இல் மணிக்கூண்டு. மெர்டேக்கா வந்தது, வரலாறு தலைகீழானது. மணிக்கூண்டுக்கு அருகிலுள்ள சாலைகளுக்கு, அந்தக் கொலைக்காக 1877இல் தூக்கிலிடப்பட்ட மகாராஜா லேலா, டத்தோ சாகோர் பெயர்கள். நியாயம்தான், அந்தக் கணக்கு தீர்ந்தது. துரையின் வரலாறு போய்ப் பிரபுவின் வரலாறு வந்ததில் தோட்டத்தில் பெரட்டுக்கு நின்றவனுக்கு என்ன கிடைத்தது? மணிக்கூண்டில் உலக நாகரிகத்தைக் காட்டும் 44 உருவங்கள். ஒன்றைப் பின்னாளில் வண்ணம் பூசி மறைத்தார்கள். நம்மை மறைக்க ஒரு டப்பா பெயிண்ட் செலவுகூட வைக்கவில்லை. முதலிலேயே வரையவில்லையே!

2013 முதல் எஸ்.பி.எம். சான்றிதழ் வேண்டுமென்றால் வரலாற்றில் தேறியாக வேண்டும். தாத்தா இல்லாத வரலாற்றில் பேரன் தேற வேண்டும். இந்தியர்கள் பாடத்தில் இல்லவே இல்லை என்றால் பொய். ஈயத்தோடும் ரப்பரோடும் சேர்ந்து ஆங்கிலேயர் பொருளாதாரத்தில் தலைகாட்டுவார்கள். 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார் சுடப்பட்டதைப் பையன் ஒப்பிப்பான். அடுத்த ஆண்டு மே 4இல் தூக்கிலிடப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியைக் கேட்டுப் பாருங்கள், 'புது நடிகரா?' என்பான்.

ஆராய்ச்சி நடந்தது. கெர்னியல் சிங் சந்துவின் நூல் 1969இல், சின்னப்பா அரசரத்தினத்தின் நூல் 1970இல். இரண்டும் ஆங்கிலத்தில். சயாம் மரண ரயிலுக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களைத் தமிழில் பேசவைக்க ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் நாவல் எழுத வேண்டியிருந்தது.

நம் தலைவர்களை விட்டுவிட முடியுமா? மைக் கிடைத்தால் போதும், ராஜேந்திர சோழன் 1025இல் கடாரத்துக்குக் கப்பல் விட்டுவிடுவான். படையில் எத்தனை யானை என்பதுவரை சொல்வார்கள். தன் தாத்தா ரஜூலாவில் வந்தாரா, அதற்கு முந்திய கப்பலிலா என்று கேட்டால் டத்தோவுக்குத் தொண்டை கட்டிவிடும். மன்னனின் வாரிசு என்றால் மாலை விழும். மங்கு கழுவியவளின் வாரிசு என்றால் என்ன விழும்? தோட்டங்களைத் துண்டாடி விற்றார்கள், தாமான்கள் முளைத்தன. லயம் இடிந்தபோது கோயிலுக்கு இடம் கேட்டவர்கள் உண்டு. ஆபீஸ் அலமாரியில் இருந்த செக்ரோலைக் கேட்டவர் யார்? ஒவ்வொரு ஆளின் பெயரும் கூலியும் எழுதிய ஒரே வரலாற்று நூல் அதுதான். ஆசிரியர்: தோட்டத்துக் கிராணி.

சிலிபினிலும் சுங்கை சிப்புட்டிலும் மரம் வெட்டிய பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் கையில் போன் இருக்கிறது. எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி, எவ்வளவு கூலி, அதில் கைவைத்தது யார் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். அடுத்த பொங்கல் விழாவில் டத்தோ கடாரத்துக்குக் கப்பலேறுமுன் அதை ஒலிபெருக்கியில் போடுங்கள்.