பிக்கப்பில் கூண்டு கட்டும் சாத்திரம்

நாவலாசிரியர் ஜான் ஸ்டெய்ன்பெக் 1960-இல் ஒரு ஜிஎம்சி பிக்கப்பின் தொட்டியில் சிறு வீடு போன்ற கூண்டை ஏற்றி, சார்லி என்ற நாயோடு அமெரிக்காவைச் சுற்றி வந்தார். ரோசினான்டே என்று அவர் பெயரிட்ட அந்த வண்டி இன்று கலிபோர்னியாவின் சலினாஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கூண்டேற்றிப் பயணம் போகும் வழக்கம் வட அமெரிக்காவில் இன்றும் செழிப்பாக இருக்கிறது. கூண்டைக் கட்டும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

இந்தக் கூண்டுக்குச் சொந்தச் சக்கரம் கிடையாது. ஒரு டன் எடையுள்ள கூண்டோடு போகும்போது காய்ந்த தார்ச்சாலையில் பிரேக்கை ஓங்கி மிதித்தால், ஏறக்குறைய 700 கிலோ எடைக்கு ஈடான விசை அதை ஓட்டுநர் பக்கம் தள்ளும். நான்கு மூலையிலும் உள்ள கட்டுகள் அதைத் தாங்கிவிடும் என்று நம்புவது தவறு. கட்டின் முதல் வேலை, கூண்டு எழும்பாமலும் சாயாமலும் பிடிப்பது. முன்னால் ஓடுவதைத் தடுக்க அடியில் ரப்பர் வேண்டும். கூண்டுக்கும் தொட்டியின் முன்சுவருக்கும் நடுவில் மரக்கட்டை வேண்டும். தொட்டிக்குள் பிளாஸ்டிக் உறை இருந்தால் தயங்காமல் கழற்றிவிடுங்கள், அது வழுக்கும். குதிரை லாயத்தில் விரிக்கும் முக்கால் அங்குல ரப்பர் பாய்க்கு நிகரானதை நான் பார்த்ததில்லை.

நான்கு கட்டுகளையும் எங்கே மாட்டுவது? தொட்டி என்பது வெறும் தகடு. ஃபோர்டு எஃப்-150-இல் 2015 மாடலிலிருந்து அதுவும் அலுமினியம். கொக்கியைத் தொட்டியின் விளிம்பில் மாட்டினால் தகடு வளையும், கிழியும். சேஸிஸில்தான் மாட்ட வேண்டும். ஆனால் சேஸிஸும் சும்மா இருப்பதில்லை. அலாஸ்காவின் டால்டன் நெடுஞ்சாலை 666 கிலோமீட்டர், பெரும்பகுதி சரளைக்கல். அப்படிப்பட்ட பாதையில் சேஸிஸ் முறுக்கிக்கொண்டே போகும். ஸ்பிரிங் இல்லாத டர்ன்பக்கிளை, அதாவது கட்டுகளைத் திருகி இறுக்கும் கருவியை, பலம் கொண்ட மட்டும் இறுக்கினால், அந்த முறுக்கு முழுவதும் கூண்டின் மூலையில் வந்து இறங்கும். ஸ்பிரிங் வைத்த டர்ன்பக்கிளுக்குக் கூடுதலாகச் செலவழிப்பது வீண் இல்லை.

அந்த மூலையைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். கொக்கி வளையத்தின் கீழே துருக்கோடு வழிந்திருக்கிறதா? மேலே கூரை விளிம்பில் பூசிய சீலன்ட் தலைமுடி அளவுக்கு விரிசல் விட்டிருக்கிறதா? மரச்சட்டம் வைத்த கூண்டுகளில் அந்த விரிசல் வழியே மழைநீர் இறங்கி, வளையம் பிடித்திருக்கும் மரத்தை வெளியே தெரியாமல் உளுக்கச் செய்யும். குத்தூசியால் அழுத்தினால் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். பிறகு எவ்வளவு உயர்ந்த கட்டு வாங்கியும் பயனில்லை. திருகாணிக்குப் பிடிக்க மரமே இருக்காது. ஆகவே கூண்டைக் காப்பது கூரையில் தொடங்குகிறது. ஆண்டுக்கு இருமுறை ஏணி போட்டு ஏறிப் பார்த்தே ஆக வேண்டும்.

எடைக் கணக்கு எளிது. வண்டி சுமக்கக்கூடிய அளவு ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரில் இருக்கிறது. தண்ணீர், கேஸ் சிலிண்டர், ஆட்கள் எல்லாம் அதில் அடங்க வேண்டும். கூண்டின் எடை மையம் பின் அச்சுக்கு முன்னால் விழ வேண்டும்.

புறப்பட்ட முதல் ஒரு மணி நேரத்துக்குள் வண்டியை ஓரங்கட்டி, நான்கு கட்டுகளையும் கையால் அசைத்துப் பார்த்து, தளர்ந்ததை இறுக்கிவிட்டுப் போங்கள்.