சேவல் கூவலாம், சட்டப்படி

பிரான்ஸில் கம்யூன் எனப்படும் உள்ளாட்சிகள் ஏறத்தாழ 35,000. நூறு தலை தேறாத குக்கிராமத்துக்கும் ஒரு மேயர் உண்டு. மூவண்ணப் பட்டையை மார்பின் குறுக்கே போட்டுக்கொண்டு கல்யாணமும் நடத்தி வைப்பார், ரோட்டுப் பள்ளத்துக்கும் பதில் சொல்வார். இப்போது அவர் தலையில் இன்னொரு இலாகாவும் விழுந்திருக்கிறது: பிராணிகளின் சத்தம்.

நகரத்துக்காரர் கிராமத்தில் வீடு வாங்குகிறார். கல் சுவர், எதிரே மாடு மேயும் புல்வெளி. பார்த்துப் பார்த்துத்தான் வாங்குகிறார். அந்த மாட்டின் கழுத்தில் மணி இருப்பது முதல் ராத்திரிதான் தெரிகிறது. உடனே புகார்.

2018இல் தெற்கே லெ போசே என்ற ஊரில், சில்வண்டு இரைச்சல் தாங்காத சுற்றுலாப் பயணிகள் மேயரிடம் பூச்சிமருந்து அடிக்கச் சொன்னார்கள். மறு ஆண்டு ஒலெரோன் தீவின் மொரிஸ் என்ற சேவல், விடியற்காலையில் கூவிய குற்றத்துக்காகக் கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டது. ஆஜராகவில்லை, ஆனாலும் ஜெயித்தது. வழக்குப் போட்டவர்கள் சேவல்காரருக்கு 1,000 யூரோ அழ வேண்டியதாயிற்று.

2021 ஜனவரியில் நாடாளுமன்றமே சட்டம் இயற்றி, கிராமத்துக்கே உரிய ஒலிகளையும் வாசனைகளையும் தேசத்தின் பொதுச் சொத்தில் சேர்த்துவிட்டது. ஆக, சாண நாற்றத்துக்கும் சட்ட அந்தஸ்து. மொரிஸுக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை, முந்தைய ஆண்டே போய்ச் சேர்ந்துவிட்டது.

2024இல் இன்னொரு சட்டம்: நீங்கள் குடிவருமுன்பே முறைப்படி நடந்துவரும் தொழிலின் சத்தத்துக்காக, பொதுவாக, நஷ்டஈடு கேட்க முடியாது. விவரமான வீட்டுத் தரகர் எவரும் விடியற்காலையில் வீடு காட்டமாட்டார்.