உப்புக் கம்மி

இரண்டரை வயதுப் பேரனுக்குக் கூரியரில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே சாயம் போட்ட அரிசி, இரண்டு கிண்ணம், ஒரு மரக்கரண்டி. அரிசியை இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்துக்கு அள்ளிப் போட வேண்டுமாம். விரலுக்குப் பயிற்சி, கவனத்துக்கும் பயிற்சி என்று கூடவே வந்த புத்தகம் சொன்னது. விலையை நான் கேட்கவில்லை. பெட்டியிலேயே அச்சடித்திருந்தார்கள்.

1960-களில், கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமத்தில், என் பாட்டியும் இதே வேலையைக் கொடுத்தாள். ஓர் ஆழாக்கு, ஒரு கொட்டாங்குச்சி, முறத்தில் கொஞ்சம் உளுந்து. என் விரல்களைப் பற்றி அவளுக்கு எந்தக் கவலையும் இல்லை. அடுப்படிப் பக்கம் நான் வரக்கூடாது, அவ்வளவுதான். உளுந்தில் கிடந்த கல்லைப் பொறுக்கிப் போட்டால் அது உபரி லாபம்.

இத்தாலியரான மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் இருந்தார். குழந்தை நிஜக் குவளையில் தண்ணீர் ஊற்றட்டும், பெருக்கட்டும், துடைக்கட்டும் என்பது அவர் முறை. என் பாட்டிக்கு அவர் பேர்கூடத் தெரியாது. ஆனால் துடைப்பத்தை என் கையில் கொடுக்கத் தெரிந்திருந்தது.

செப்புச் சாமானில் மண்ணைப் போட்டுச் சோறாக்குவோம். பூவரசு இலையில் பரிமாறினால் தாத்தா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே வாயை அசைத்து, "உப்புக் கம்மி" என்பார். உடனே ஓடிப்போய் மறுபடி சமைக்க வேண்டும். அந்த ஒரு சொல்லில் எங்களுக்கு அரை மணி நேரம் போய்விடும், அவருக்குத் தலையங்கம் முடிந்துவிடும். இப்போது என் பிள்ளையும் பேரனை மறுபடி சமைக்கச் சொல்கிறான். வெளிச்சம் சரியில்லையாம், வீடியோவில் முகம் விழவில்லையாம்.

அந்தக் காலமே தேவலை என்று சொல்ல வரவில்லை. பல்லாங்குழி ஆடிய வீடுகளில் புளியங்கொட்டையை மூக்கில் திணித்துக்கொண்ட பிள்ளை ஒன்றாவது இருக்கும். எங்கள் தெருவில் இரண்டு பேர். சின்னப் பொருள், மூன்று வயதுக்குள் கொடுக்காதே என்று இன்றைய பெட்டிகளில் போடுகிறார்களே, அந்த ஒரு வரிக்கு நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஒன்றிலிருந்து நான்கு வயதுவரை குழந்தை தினம் 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும், இரண்டு வயதுக்கு மேல் திரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. நியாயம்தான். ஓடிய நிமிடங்களைப் பிள்ளை கைபேசியில் எண்ணுகிறான். எத்தனை ஆச்சு என்று பேரனும் திரையை எட்டிப் பார்க்கிறான். அந்த நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

மருமகள் அட்டவணையே போட்டு ஒட்டியிருக்கிறாள்: "இஷ்டம்போல் விளையாட்டு, 4.30 முதல் 5.15 வரை." நேற்று அவளுக்கு ஆபீஸ் மீட்டிங், அறைக்கதவு சாத்தியிருந்தது. பேரன் இட்லித் தட்டுகளை இழுத்துப் போட்டு, குழிக்கு ஒரு சின்ன வெங்காயமாக அடுக்கி, வேகவைத்து, பக்கத்தில் யாரையோ திட்டிக்கொண்டும் இருந்தான். முக்கால் மணியாக என் ஞாபகமே அவனுக்கு இல்லை. உள்ளேயிருந்து குரல் வந்தது: "அத்தை, மணி நாலரை ஆச்சு! அந்தத் தட்டையெல்லாம் வாங்கி வெச்சிட்டு அவனை விளையாட விடுங்க!"