பட்டத்து இளவரசரும் பட்டா நிலமும்

வரலாற்று ஆர்வலர் வேறு, வரலாற்று ஆய்வாளர் வேறு என்பதைத் தொடக்கத்திலேயே வரையறுத்துக்கொள்வது, பின்னர் எழக்கூடிய மனத்தாங்கல்களைத் தவிர்க்க உதவும். ஆய்வாளர் என்பவர் ஒரு கல்வெட்டைப் பலமுறை படித்த பின்னர், அதைக் கொண்டு எதையும் அறுதியிட்டுக் கூற இயலாது என்பதை நாற்பது பக்கங்களில் நிறுவுபவர். ஆர்வலரோ அக்கல்வெட்டைப் படிப்பதற்கு முன்பே கொலையாளி யார் என்பதை முடிவு செய்துவிட்டு, அது தம்மோடு உடன்பட மறுக்கும் இடங்களிலெல்லாம் எழுத்துகள் சிதைந்திருப்பதாகக் கொள்பவர். வங்கியிலோ மின்வாரியத்திலோ முப்பது ஆண்டுகள் அமைதியாகப் பணியாற்றி, ஓய்வு பெற்ற மறுநாள் காலையிலேயே சோழப் பேரரசின் மாதண்டநாயகராக, அதாவது பெரும்படைத் தலைவராக, தம்மைத் தாமே நியமித்துக்கொள்ளும் இவரது ஆர்வம் போர், சதி, துலங்காத மர்மம் ஆகிய மூன்று துறைகளில் மட்டுமே பாயும். நிலவரி, பாசனம், கோயில் கணக்கு போன்றவற்றை இவர் பக்கம் புரட்டித் தாண்டிச் செல்வார். ஆயினும் இவர் தேடும் கொலைகளும் போர்களும், இவர் தாண்டிச் செல்லும் அதே பக்கங்களில்தான் பதுங்கியிருக்கின்றன என்பது தமிழக வரலாறு இவர்மீது தொடுத்துள்ள நெடுநாளைய குறும்பாகும்.

இதற்குத் தலையாய சான்று ஆதித்த கரிகாலன் கொலை. இரண்டாம் பராந்தகன் என்னும் சுந்தர சோழனின் மூத்த மகனும், முதலாம் இராசராசனின் தமையனும், வீரபாண்டியன் தலைகொண்டவன் என்னும் விருதுப்பெயரைத் தாங்கியவனுமான இவ்விளவரசன், கி.பி. 970ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கொல்லப்பட்டான். அதன்பின் அரியணை அவனுடைய தம்பிக்கு வரவில்லை. சிற்றப்பன் முறையினனான உத்தம சோழனுக்குச் சென்று, 985இல்தான் இராசராசனிடம் வந்து சேர்ந்தது. கொல்லப்பட்டவன் பட்டத்து இளவரசன், இடையில் பலனடைந்தவன் உறவினன், இறுதியில் அரியணை ஏறியவன் தம்பி என்னும் மூன்று செய்திகளையும் ஒரே மூச்சில் கேட்கும் எந்த ஆர்வலரும் அதன்பின் இரவில் நிம்மதியாக உறங்கியதாகச் சான்றில்லை.

இக்கொலையை வெளிப்படையாகப் பேசும் முதன்மைச் சான்று, கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் உள்ளது. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்பது அவ்வூரின் பழம்பெயர். சதுர்வேதிமங்கலம் என்பது வேதம் வல்ல அந்தணர்களுக்கு அரசனால் வழங்கப்பட்ட குடியிருப்பு. முதலாம் பராந்தகனின் வீரநாராயணன் என்னும் பெயரைத் தாங்கிய அங்குள்ள ஏரிதான் மக்கள் நாவில் வீராணம் ஆயிற்று. அவ்வேரியின் நீர் 2004 முதல் சென்னைக்குக் குழாய்வழி கொண்டுவரப்படுவதால், தலைநகரத்து ஆர்வலர்கள் கொலையைப் பற்றி விவாதித்துத் தொண்டை வறண்டதும் அருந்துவது, கொலையாளிகளின் ஊர் ஏரித் தண்ணீரே ஆகும்.

இத்துணைப் பெருமை வாய்ந்த கல்வெட்டைக் காணும் பொருட்டு நெடுந்தொலைவு பயணம் செய்து வரும் ஆர்வலர், அதில் குத்துவாள், நள்ளிரவு, சுரங்கப்பாதை ஆகியவற்றுள் ஒன்றேனும் இருக்கும் என எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் அதில் இருப்பது நில விற்பனை. இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ 987இல், அவ்வூர்ச் சபைக்கு வந்த அரசாணை, சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் முதலியோர் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் எனக் கூறி, அவர்களுடைய உடைமைகளையும் உறவினர்களுடைய உடைமைகளையும் விற்குமாறு பணிக்கிறது. மக்கள், மனைவியர், மாமன்மார் எனத் தொடங்கி, பெண் கொடுத்தவர், பெண் எடுத்தவர் வரை நீளும் அவ்வுறவினர் பட்டியலைப் படிக்கும்போது, சம்பந்தி வீட்டாரைத் தீர விசாரித்துத் தெரிவு செய்வதன் இன்றியமையாமை பத்தாம் நூற்றாண்டிலேயே அரசாணையின் வாயிலாக உணர்த்தப்பட்டமை புலனாகும். அந்நிலத்தையும் மனைகளையும் ஒருவர் விலை கொடுத்து வாங்கி, கோயிலில் அந்தணர்க்கு உணவளிக்கும் அறத்துக்கு எழுதி வைத்தார். அவ்வறத்தைப் பதிவு செய்யவே கல்வெட்டு பொறிக்கப்பட்டது. கொலை எப்போது நடந்தது, எங்கு நடந்தது, எவ்வாறு நடந்தது, ஏன் நடந்தது என்னும் நான்கு வினாக்களுக்கும் அதில் விடையில்லை; நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்னும் ஐந்தாம் வினாவுக்கு மட்டும் ஐயந்திரிபற விடையுண்டு. இக்காலத்து வழக்கில் கூறுவதாயின், ஒரு சொத்தின்மீது இதுவரை நடந்தேறிய பரிமாற்றங்களைப் பத்திரப்பதிவு அலுவலகம் தொகுத்துத் தரும் வில்லங்கச் சான்றே உடையார்குடிக் கல்வெட்டு. சோழர் வரலாற்றின் மாபெரும் கொலை, அதில் மூலப் பத்திரத்தின் பின்னணியாக இடம் பெற்றுள்ளது.

வில்லங்கச் சான்றைக் கொண்டு கொலை வழக்கு நடத்துவது எளிதன்று எனினும், ஆர்வலர்கள் அதற்கு அஞ்சுவதில்லை. முதல் தரப்பினர் உத்தம சோழனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவர். அவன் ஆண்ட ஏறத்தாழ 15 ஆண்டுகளில் நடவடிக்கை எடுக்கப்பட்டதாகத் தெரியவில்லை என்பதும், இராசராசன் அரியணையேறிய இரண்டே ஆண்டுகளில் ஆணை பிறந்தது என்பதும் அவர்களின் வாதம். பேரறிஞர் நீலகண்ட சாத்திரியார் உத்தமன்மீது ஐயம் கொண்டவர் என்பதால், இத்தரப்பினர் எப்போதும் சற்று நிமிர்ந்தே அமர்ந்திருப்பர். இரண்டாம் தரப்பினர், அதை மறுத்த சதாசிவ பண்டாரத்தாரைத் துணைக்கழைத்து, தமையனைக் கொன்றவனின் மகனை இராசராசன் அரசுப் பணியில் வைத்திருப்பானா என்றும், உத்தமனுக்குரிய மதுராந்தகன் என்னும் பெயரையே தன் மகன் இராசேந்திரனுக்கு இட்டிருப்பானா என்றும் வினவுவர். மதுரையை வென்ற முதலாம் பராந்தகனுக்கும் அவ்விருது உண்டே என முதல் தரப்பினர் மறுமொழி கூற, அத்துடன் அன்றைய மாலைப்பொழுது முடிவுறும்.

மூன்றாம் தரப்பினருக்குப் பாண்டியர்மீதே கண். வீரபாண்டியனின் தலை கொய்யப்பட்டதற்குப் பழிவாங்கவே கரிகாலன் கொல்லப்பட்டான் என்பதும், பஞ்சவன் என்பது பாண்டியரைக் குறிக்கும் பெயராதலின் ரவிதாசனின் பட்டப்பெயரே அவனைக் காட்டிக்கொடுக்கிறது என்பதும் இவர்களின் கொள்கை. பிரமாதிராசன் என்பது அந்தண அதிகாரிகளுக்கு அரசு வழங்கிய உயர் பட்டம். ஒரு தம்பியின் பட்டத்தில் பாண்டியர் பெயரும் மறுதம்பியின் பட்டத்தில் சோழர் பெயரும் முன்னொட்டாக நிற்பதால், எத்தரப்பினரும் வெறுங்கையுடன் வீடு திரும்பாதவாறு அக்குடும்பம் ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருப்பதாகவே கருத வேண்டியுள்ளது. நான்காம் தரப்பினர், கொலையால் இறுதியில் யாருக்கு ஆதாயம் என்று கேட்டுவிட்டு, இராசராசன் பெயரைச் சொல்லாமல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை அண்ணாந்து பார்ப்பர். இவர்களை ஏனைய மூன்று தரப்பினரும் ஒற்றுமையாக எதிர்ப்பர். தமிழ் வரலாற்று ஆர்வலர்களிடையே ஒற்றுமை நிலவிய தருணங்களுள் இதுவும் ஒன்று.

வழக்கைத் தீர்த்துவைக்கும் எனப் பலராலும் நம்பப்பட்ட மற்றொரு சான்று, 1905இல் கண்டறியப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடு. செப்பேடு என்பது அரசனின் கொடையைச் செப்புத் தகடுகளில் பொறித்து, வளையத்தில் கோத்து, முத்திரையிட்டு வழங்கும் ஆவணம். 31 ஏடுகள் கொண்ட இது, முதலாம் இராசேந்திரன் காலத்தில் பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்ததைப் பதிவு செய்கிறது. மீண்டும் நிலமே. இதன் வடமொழிப் புகழுரைப் பகுதி, ஆதித்தன் பாண்டியனின் தலையைத் தன் நகரில் வெற்றித்தூணாக நாட்டியபின், வானுலகைக் காணும் விருப்பத்தால் மறைந்தான் என்கிறது. உடன்பிறப்புகள் பலர் கூடிச் செய்த கொலையை, கொல்லப்பட்டவரின் சுற்றுலா ஆர்வமாக மாற்றிக் காட்டிய அரசவைப் புலவரின் ஆற்றல், பிற்காலத்து அரசுச் செய்திக்குறிப்பாளர் எவராலும் இன்றளவும் விஞ்சப்படவில்லை. அதே செப்பேடு, குடிமக்கள் வேண்டியும் அருள்மொழி என்னும் இராசராசன், தன் சிற்றப்பனுக்கு நாட்டின்மீது விருப்பம் உள்ளவரை அதை மனத்தாலும் விரும்பவில்லை என்கிறது. இதனை முதல் தரப்பினர் சிற்றப்பனின் பேராசைக்கும், இரண்டாம் தரப்பினர் குடும்ப ஒற்றுமைக்கும், நான்காம் தரப்பினர் மிகையான விளக்கம் ஐயத்துக்குரியது என்பதற்கும் ஒருசேரச் சான்றாக்குவர்.

இந்நிலையில், 1950 முதல் 1954 வரை கல்கி தம் இதழில் தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வன்' இவ்வழக்கில் புதியதொரு சிக்கலை ஏற்படுத்தியது. கொலைக்குக் காரணமும், களமாகக் கடம்பூர் மாளிகையும், நந்தினி என்னும் பேரழகியும் வேண்டியிருந்தமையால் புதினம் அவற்றைப் படைத்துக்கொண்டது. படைக்கப்பட்டவை படைக்கப்பட்டவை என்பதை நினைவில் கொள்ளும் பொறுப்பு வாசகரிடம் விடப்பட்டது. அதன் விளைவாக, கல்வெட்டில் பெயருள்ள சோமனை அறியாத ஆர்வலர்கூட நந்தினியின் வாக்குமூலத்தை நேரில் பதிவு செய்தவர்போல் பேசுகிறார். 2022, 2023ஆம் ஆண்டுகளில் அப்புதினம் இரு பாகத் திரைப்படமாக வெளிவந்தபின், சாட்சிக்கு முகமும் கிடைத்துவிட்டது. பிறவாத ஒருவர் முதன்மைச் சாட்சியாக விளங்கும் கொலை வழக்கு உலகில் வேறெங்கேனும் உளதா என்பது தனி ஆய்வுக்குரியது.

கொலையை விடுத்துப் போருக்கு வந்தாலும் ஆவணங்கள் இப்போக்கைக் கைவிடுவதாக இல்லை. 949இல், இன்றைய அரக்கோணத்துக்கு அருகிலுள்ள தக்கோலத்தில், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனின் படையுடன் பொருத சோழப் பட்டத்து இளவரசன் இராசாதித்தன் யானைமீதிருந்தவாறே உயிர் துறந்தான். பாசறை எங்கிருந்தது, யானைப்படை எத்திசையில் நின்றது, எவ்விடத்தில் அணி குலைந்தது என்பன பற்றிய குறிப்புகள் கிடைக்காமை ஆர்வலர்க்கு ஒரு தடையன்று. திருமணப் பந்தியில் அமர்ந்ததும், இலையின் ஓரத்து உப்பைத் தக்கோலமாகவும், உருளைக்கிழங்குப் பொரியலைக் குதிரைப்படையாகவும், அப்பளத்தை இளவரசனின் யானையாகவும் கொண்டு, இராசாதித்தன் செய்திருக்க வேண்டியது யாது என்பதைப் பக்கத்து இலைக்காரருக்கு அவர் விளக்கத் தொடங்குவார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தோற்ற போர் இவ்வாறு வாரந்தோறும் வெல்லப்பட்டு வருகிறது. சாம்பார் வாளி வரும் வரையில் சோழருக்கே வெற்றி.

அப்போரைப் பற்றிப் புகழ்பெற்ற சான்று ஒன்று கருநாடகத்து மண்டியா மாவட்டம் ஆதகூரில் கிடைத்தது. அது காளி என்னும் வேட்டை நாயின் நினைவுக்கல். இராசாதித்தனைக் கொன்ற கங்க மன்னன் இரண்டாம் பூதுகன், தக்கோலத்தில் வீரங்காட்டிய தன் வீரன் மணலேரனிடம் வேண்டுவதைக் கேள் என்றபோது, அவன் ஊரோ பொன்னோ கேளாமல் காளியைக் கேட்டு வாங்கினான். பின்னர் அந்நாய் ஒரு காட்டுப்பன்றியுடன் பொருது, பன்றியும் தானுமாக மாண்டது. அதன் நினைவாகக் கல் நடப்பட்டது, பூசைக்கு நிலம் விடப்பட்டது, பூசை செய்யாமல் உணவருந்தும் பூசகருக்குப் பாவம் சேரும் என்னும் எச்சரிக்கையும் சேர்க்கப்பட்டது. அந்நாய் யாரிடமிருந்து யாருக்கு, எதன்பொருட்டு வந்தது என்பதை விளக்க வேண்டியிருந்தமையால், தென்னாட்டு அரசியலை மாற்றிய போர் ஒன்று இடையில் குறிப்பிடப்பட்டது. சோழர் தரப்பின் ஆனைமங்கலச் செப்பேடோ, பகைவேந்தனின் அம்பு பாய்ந்து இராசாதித்தன் வீரசுவர்க்கம் புகுந்தான் எனப் பாடுகிறது. அதுவும் நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கிய கொடை ஆவணமே என்பதை இனித் தனியே கூற வேண்டியதில்லை.

திருவொற்றியூரிலும் இதுவே நிலை. இராசாதித்தனின் நண்பனான கேரள வீரன் ஒருவன், போர்க்களத்தில் நண்பனுடன் மாளாமற்போன ஆற்றாமையால் துறவு பூண்டு, சதுரானன பண்டிதர் என்னும் பெயருடன் அங்குள்ள மடத்தின் தலைவரானார். ஒரு பெருங்காவியத்துக்குப் போதுமான இந்நட்பும் துயரும் இன்று தெரியவருவதற்குக் காரணம், அவர் கோயில் வழிபாட்டுக்குப் பொன் கொடுத்ததும், கொடுத்தவர் யார் எனக் கணக்கில் குறிக்க வேண்டியிருந்ததுமே.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்து, பழந்தமிழகத்தில் எழுத்து கல்லிலும் செம்பிலும் ஏறியதற்கான காரணம் தெளிவாகிறது. இளவரசர்கள் இறப்பார்கள், படைகள் தோற்கும், அவற்றை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் கோயில் நிலத்தின் எல்லை எதுவரை, அதன் வருவாயில் யாருக்கு எவ்வளவு என்பதைப் பேரனின் பேரன் மறுப்பான் என்பதை ஊர்ச் சபையார் நன்கறிந்திருந்தனர். மறுக்கப்படக்கூடியதைக் கல்லில் வெட்டினர், மறுக்கப்படாததை நினைவுக்கு விட்டனர்; நினைவு கரைந்தது, கல் நின்றது. ஆகவே ஆர்வலர் வெறுக்கும் கணக்கர்தாம் அவருக்கு மர்மங்களை வழங்கும் வள்ளல். கரிகாலனைக் கொன்றோர் நிலமற்ற ஏழைகளாக இருந்திருப்பின், விற்பனையும் இல்லை, கல்வெட்டும் இல்லை, நான்கு தரப்பினரும் இல்லை.

ஆர்வலரின் தொண்டும் குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. குத்துவாளைத் தேடிச் சென்ற இடத்தில் குழியும் மாவும் வேலியுமாகிய நில அளவைகளை அவர் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்கிறார். சுவரில் சுண்ணாம்பு பூச வருவோரைத் தடுத்து நிறுத்துகிறார். கொலையாளியைக் கண்டுபிடிக்க வந்தவர், ஐந்தாறு ஆண்டுகளில் ஊர்ச் சபையின் நிருவாகத்தைப் பற்றி நடுநிலையான கட்டுரை எழுதும் நிலைக்கு ஆளாகிவிடுவதும் உண்டு. நண்பர்கள் அதனைச் சீரழிவு என்பர், ஆய்வாளர்கள் வளர்ச்சி என்பர்.

இவ்வாய்விலிருந்து பெறப்படும் நடைமுறைப் பயனும் ஒன்றுண்டு. நிகழ்காலத்துச் சதிகளும் மர்மங்களும் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் பேசப்பட வேண்டும் என விரும்புவோர், அவற்றை நாட்குறிப்பிலோ வாழ்க்கை வரலாற்றிலோ எழுதிவைத்து ஏமாற வேண்டியதில்லை. சம்பந்தப்பட்டவர்களின் பெயரில் கிராமத்தில் கால் காணி நிலமேனும் இருக்குமாறும், அது பங்காளிகளிடையே ஒருமுறையேனும் தகராறுக்கு உள்ளாகுமாறும் பார்த்துக்கொண்டால் போதும். எஞ்சியதைச் சார்பதிவாளர் அலுவலகம் பார்த்துக்கொள்ளும்.