குடும்பப் பெயர் இல்லாத குடும்பத் தலைவர்

எங்கள் வீட்டில் நிதி, உணவு, உள்துறை மூன்றும் மனைவி வசம். எனக்கு ஒதுக்கப்பட்டது ஆன்லைன் படிவம் நிரப்பும் துறை.

மாதேஸ்வரன் மலைக்குப் போகணும் என்றாள். மேட்டூர், கொளத்தூர் தாண்டிப் பாலாற்றுக்குப் போனால் தமிழ்நாடு முடிந்து கர்நாடகம் தொடங்கிவிடும். சோதனைச்சாவடியில் வண்டிக் காகிதம் கேட்பார்கள். என் காருக்கோ இன்சூரன்ஸ் முடியப்போகிறது. “போன்லயே கட்டிடலாம்ப்பா, ரெண்டு நிமிஷ வேலை” என்றான் வெளியூர் மகன்.

பெயரைப் போட்டேன். அடுத்த கட்டம் சர்நேம். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், விட்டுவிட்டுப் போக முடியாது. நமக்கு ஏது சர்நேம்? இனிஷியலைப் போட்டால் ‘குறைந்தது மூன்று எழுத்து’ என்றது. அப்பா பெயரை முழுசாகப் போட்டேன். அன்று முதல் அந்தக் கம்பெனி, பாலிசி புதுப்பிக்கச் சொல்லி, காலமான என் அப்பாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறது.

பிறந்த தேதிக்கு ஒரு காலண்டர் திறந்தது, நடப்பு மாதத்தில். நான் பிறந்தது 1957. மாதம் மாதமாகப் பின்னோக்கித் தட்டிக்கொண்டே போனேன். எமர்ஜென்சியைக் கடக்கும்போது காபி ஆறிவிட்டது. ஒருவழியாகப் பிறந்து, ‘சமர்ப்பி’யை அழுத்தினால், ‘தவறான தகவல்’. எது தவறு என்று சொல்லவில்லை. நிரப்பியது அத்தனையும் மாயம். வண்டி எண்ணுக்கு நடுவே இடைவெளி விடக் கூடாதாம். அதைக் கண்டுபிடித்தவள் மனைவி.

பிரிட்டன் அரசின் படிவ வழிகாட்டி, ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வியில் தொடங்கு என்கிறது. பிறந்த தேதிக்கு நாள், மாதம், வருடம் என மூன்று கட்டம். நேராகத் தட்டச்சு செய்யலாம். பிழையிருந்தால் அந்தக் கட்டத்தின் அருகிலேயே சொல்ல வேண்டும். நம்மூரிலும் படிவம் எளிதானதுண்டு. கொரோனா காலத்துப் பயண இ-பாஸுக்குக் கல்யாணமா, சாவா, ஆஸ்பத்திரியா என்று காரணம் காட்டிக் காத்துக்கிடந்தோம். 2020 ஆகஸ்ட் 17 முதல் ஆதார் அல்லது ரேஷன் அட்டை விவரமும் போன் எண்ணும் கொடுத்தால் உடனே பாஸ் என்றார்கள். கேள்வி குறைந்தது, வேலை முடிந்தது.

ஒருவழியாக இன்சூரன்ஸ் கட்டிக் கிளம்பினோம். ஒரு நேரத்துக்கு ஒரு கேள்வி என்ற வித்தையைப் பாலாற்றுச் சோதனைச்சாவடிக் காவலருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆனாலும் ஒவ்வொன்றாகத்தான் கேட்டார். எங்கே போறீங்க? எத்தனை பேர்? எப்போ திரும்பறீங்க? கடைசிக் கேள்விக்கு நான் பக்கத்து சீட்டைப் பார்த்தேன். அனுமதி தரும் அதிகாரி யார் என்று அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு கேட்டதையெல்லாம் அவளிடமே கேட்டார்.