ஐந்தெழுத்து

1993-இல் செஞ்சி பஜாரில் ஒரு மாடி அறையில் எங்களுக்கு ப்ளஸ் டூ வேதியியல் டியூஷன். உலகத்து வாயுக்களையெல்லாம் வாத்தியார் ஐந்தெழுத்தில் அடக்கிவிட்டார்: பிவி = என்ஆர்டி. ஹைட்ரஜனோ ஆக்ஸிஜனோ, எதைப் போட்டாலும் விடை வந்துவிடும். லாகரிதம் புத்தகம் கிழியாமல் இருந்தால் போதும். அதே ஆண்டில்தான் அமெரிக்காவின் நெருக்கடிக்குப் பணிந்து, திரவ ஹைட்ரஜனில் இயங்கும் கிரையோஜெனிக் ராக்கெட் எஞ்சினை இந்தியாவுக்குத் தருகிறோம், நுட்பத்தைத் தர முடியாது என்று ரஷ்யா கைவிரித்தது. எங்களுக்கென்ன கவலை, சூத்திரம் மனப்பாடம்.

ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியில் திரவமாகும். அந்தக் குளிரிலும் ஐந்தெழுத்து அசராமல், கன மீட்டருக்கு 1.2 கிலோ என்று சொல்லும். தொட்டியில் இருக்கும் திரவமோ 71 கிலோ. எஞ்சினைச் சோதித்த இஸ்ரோவின் மகேந்திரகிரிக்காரர்கள் எங்கள் டியூஷனில் படித்திருந்தால், 2014 ஜனவரி 5 அன்று நம் சொந்த கிரையோஜெனிக் எஞ்சினோடு ஜிஎஸ்எல்வி மேலே போயிருக்காது.

இன்று அக்கா மகன் லேப்டாப்பில், வாயு, திரவங்களின் பண்புகளைக் கணக்கிடும் 'கூல்ப்ராப்' மென்பொருளை வைத்திருக்கிறான். காசில்லை, யாருடைய தயவும் வேண்டாம். லீச்மன் குழு 2009-இல் வெளியிட்ட ஹைட்ரஜன் சமன்பாடுகள் உள்ளே இருக்கின்றன. விடை பத்து தசம இடம் வரை நீள்கிறது. ஆனால் எந்த ஹைட்ரஜன் என்று நாம்தான் சொல்ல வேண்டும்: நார்மலா, பாராவா, ஆர்த்தோவா?

மூலக்கூறின் இரண்டு அணுக்கருக்களும் ஒரே திசையில் சுழன்றால் ஆர்த்தோ, எதிரெதிராகச் சுழன்றால் பாரா. அறை வெப்பநிலையில் முக்கால் பங்கு ஆர்த்தோ, மீதி பாரா; அந்தக் கலவைதான் நார்மல். திரவமான பிறகு அதிலுள்ள ஆர்த்தோ மெல்ல மெல்லப் பாராவாக மாறும். மாறும்போது ஒரு கிலோ நார்மல் ஹைட்ரஜன் சுமார் 527 கிலோஜூல் வெப்பத்தைக் கக்கும். ஒரு கிலோ ஆவியாவதற்கோ 446 போதும். களஞ்சியத்தில் நெல்லோடு செஞ்சிக் கோட்டை 1690 முதல் 1698 வரை மொகலாய முற்றுகையைத் தாங்கியது. ஹைட்ரஜன் தொட்டிக்கு வெளியே பகைவனே தேவையில்லை, உள்ளே இருப்பதே கொதித்துக் கிளம்பிவிடும். அதனால்தான் திரவமாக்கும்போதே வினையூக்கி வைத்துப் பாராவாக்கிவிடுகிறார்கள்.

"இதையெல்லாம் பரீட்சையில கேப்பாங்களாடா?" என்றேன்.

"அந்தத் தொந்தரவே இல்ல மாமா. 'ஐடியல் கேஸ் எனக் கொள்க'ன்னு கேள்வியிலேயே போட்டுடுவாங்க."